ஒழுக்கக் கோவையில் ஒளிந்திருக்கும் பாகுபாடு: ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்முறை

விசேட தேவையுள்ள ஒரு பிள்ளை இலங்கைப் பாடசாலை ஒன்றிலிருந்து மெல்ல வெளியே தள்ளப்படும்போது, பெற்றோரின் கையில் இடைநிறுத்தக் கடிதம் இருப்பது குறைவு. இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பு. "அம்மா, இண்டைக்கு மகன் சரியில்லை. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ." அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு, "விளையாட்டுப் போட்டி முடியுமட்டும் வீட்டில வைச்சிருங்கோ." வரவு இடாப்பில் இவை எல்லாம் 'வரவில்லை' என்றே விழும். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பாடசாலைக்கு வராத பிள்ளை ஆகிவிடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எழுத வேண்டியதை எவரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் குறிப்பு எழுத்தைப் பற்றியது: ஒழுக்கக் கோவையின், அதாவது பாடசாலை விதித் தொகுப்பின், வசனத்தை எப்படி எழுதுவது, நடந்ததை எப்படிப் பதிவது, வீட்டுக்கு அனுப்பினால் என்ன கடிதம் கேட்பது. முதற்பகுதி ஒழுக்காற்றுக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கு, பிற்பகுதி பெற்றோருக்கு. மற்றவரின் பகுதியையும் வாசித்தால் கூட்டத்தில் பாதி நேரம் மிச்சம்.

விதிகளைப் பிரித்துப் பார்த்தல்

பிரதி அதிபர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், ஒரு வகுப்பாசிரியர், விசேட கல்வி அலகு இருந்தால் அதன் ஆசிரியர். நான்கு பேர் போதும். ஒழுக்கக் கோவையைத் தாளின் இடது பாதியில் மட்டும் அச்சடித்து, வலது பாதியை வெறுமையாக விடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். இது பிள்ளையின் உடம்பிடமும் மூளையிடமும் எதைக் கேட்கிறது? அதைக் கொடுக்க முடியாத பிள்ளை யார்? இந்த விதி எதற்காக இருக்கிறது? மூன்றாவது கேள்வியில்தான் குழு தடுமாறும். 'எப்போதும் அப்படித்தான்' என்ற விடை வந்தால், அந்த விதிக்குச் சிவப்புக் கோடு.

'வகுப்பில் எதையும் உண்ணக் கூடாது.' நோக்கம் துப்புரவு. ஆனால் இன்சுலின் போடும் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்கு (ஒரு டெசிலீற்றரில்) கீழே இறங்கினால், உடனே ஏறத்தாழ 15 கிராம் சீனி உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடைவேளை வரை காத்திருக்க முடியாது. சீனி இறங்கும்போது பிள்ளை நடுங்கும், வியர்க்கும், கூடவே எரிந்து விழும், சொன்னதைக் கேட்காது. அதாவது அந்தக் கணத்தில் அது 'அடங்காத பிள்ளை' போலவே தெரியும். மருத்துவ அவசரத்தை ஒழுக்கக் குறைபாடாக எழுதும் ஆபத்து இங்கேதான் மிகப் பெரியது. அந்தப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே தனியாக நிறுத்தவே கூடாது.

'கழிப்பறைக்கு இடைவேளையில் மட்டும்' என்பதும் இதே வகை. சிறுநீர்ப்பைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும், சீனி ஏறிய பிள்ளைக்கும், சில மருந்துகள் எடுக்கும் பிள்ளைக்கும் இது நிறைவேற்ற முடியாத விதி.

'கூப்பிட்டவுடன் பதில் சொல்ல வேண்டும்.' காதின் நடுப்பகுதியில் நீர் கட்டும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் நாளுக்கு நாள் மாறும். தடிமன் பிடித்த வாரம் கேட்காது, அடுத்த வாரம் கேட்கும். 'வேணுமெண்டால் மட்டும் கேட்கும்' என்ற பட்டம் இப்படித்தான் வருகிறது. வலிப்பிலும் ஒரு வகை உண்டு. விழுவதில்லை, கைகால் அடிப்பதில்லை. பத்துப் பதினைந்து செக்கன் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் பிள்ளை எழுத்தைத் தொடரும். நாளில் பல தடவை வரலாம். ஆசிரியரின் கொப்பியில் அது 'பகற்கனவு'. சோதித்துப் பார்க்க எளிய வழி: வெறித்திருக்கும்போது பெயர் சொல்லித் தோளை மெல்லத் தொடுங்கள். கனவு என்றால் கலையும். கலையவில்லை என்றால் நேரத்தைக் குறித்துப் பெற்றோருக்கு எழுதிக் கொடுங்கள். தண்டனை எழுத வேண்டாம்.

'பேசும்போது ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.' ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்ப்பதும் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியாத இரண்டு வேலைகள். கீழே பார்த்தால்தான் காதில் விழும். மரியாதைதான் நோக்கமென்றால் அதற்கு வேறு அடையாளம் வைக்கலாம்.

சீருடை, கழுத்துப்பட்டி, சப்பாத்து விதிகள் தொடுகை உணர்வு கூடிய பிள்ளைக்கும், காலுக்குத் தாங்கி அணிபவருக்கும் இடிக்கும். எழுத்து வேகத்தோடு தொடர்புள்ள விதிகள் ('கரும்பலகையில் உள்ளதை முடிக்காதவர் இடைவேளைக்குப் போக முடியாது') வாசிப்புக் குறைபாடுள்ளவரைத் தினமும் தண்டிக்கும். இவற்றில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. விலக்கு என்று ஒரு வரி போதும்.

காலைக் கூட்டத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். 7.30 மணி, வெயில், ஒலிபெருக்கி, ஆயிரம் பிள்ளைகள், அசையாமல் நிற்க வேண்டும். அன்றைய சம்பவப் பதிவுகளில் முதல் பதிவு பல நேரம் இங்கேதான் பிறக்கும். முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கியதும் நேரசூசி குலையும், பாண்ட் சத்தம் ஏறும். போன மாதம் சரியாக இருந்த பிள்ளை இந்த மாதம் ஏன் குழம்புகிறது என்று எல்லோரும் கேட்பார்கள்.

நடந்ததைப் பதிவது

பத்துப் பாடசாலை நாட்கள். மூன்று நிரல்: முன்னர் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னர் என்ன நடந்தது. ஓரத்தில் நேரம், இடம், பாடம், யார் இருந்தார்கள். கமரா ஒன்று பார்த்திருந்தால் எதைக் காட்டுமோ அதை மட்டும் எழுத வேண்டும். 'அகங்காரமாக நடந்துகொண்டார்' என்பது தீர்ப்பு. '10.50, கணிதம், மூன்று கட்டளை ஒன்றாகச் சொல்லப்பட்டது, கொப்பியை நிலத்தில் எறிந்தார், வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டார்' என்பது பதிவு.

இந்த ஒரு வரியிலேயே இரண்டு செய்தி இருக்கிறது. முதலாவது, கணிதம் பிடிக்காத பிள்ளை கொப்பியை எறிந்தது, கணிதம் முடிந்தது. தண்டனை என்று நாம் நினைத்தது அவருக்குப் பரிசு. பத்து நாள் பதிவில் இது நான்கு தடவை வந்தால் வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள். மாறாக, 'உதவி வேண்டும்' என்று காட்ட ஓர் அட்டையைக் கொடுங்கள்.

இரண்டாவது, நேரம். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேற்றின் சாதாரண மாத்திரை 3 முதல் 4 மணி நேரமே வேலை செய்யும். காலை ஆறரைக்குப் போட்டால் பத்து, பத்தரைக்குத் தீர்ந்துவிடும். பாடசாலை ஒன்றரை வரை. இடைவேளைக்குப் பின்னரே சம்பவங்கள் குவிகின்றனவா என்று பாருங்கள். குவிந்தால் அந்தப் பதிவின் பிரதியைப் பெற்றோர் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்தைப் பற்றி ஆசிரியர் ஆலோசனை சொல்லக் கூடாது, நேரத்தைச் சொல்லலாம்.

பதிவு பழுதாகும் வழி ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து ஐந்து நாளையும் நினைவிலிருந்து எழுதுவது. அப்போது நினைவில் நிற்பது கோபம் மட்டும். சம்பவம் நடந்து அரை மணி நேரத்துக்குள் இரண்டு வரி எழுதினால் போதும். நல்ல நாட்களையும் எழுதுங்கள். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமை எப்படி ஒன்றும் நடக்காமல் போனது என்பதே சில வேளை முழு விடை.

ஒரு பக்க ஆதரவுத் தாள்

பதிவிலிருந்து ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் பதிலாசிரியர் வாசிக்க மாட்டார், அவர் வந்த நாளில்தான் பிரச்சினை வெடிக்கும். 'அன்போடு நடத்தவும்' போன்ற வசனங்களுக்கு அங்கே இடமில்லை. செய்யக்கூடியதை எழுதுங்கள்: இரண்டாம் வரிசை, கதவுக்கும் வீதிப் பக்க யன்னலுக்கும் தூரம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கவும். மஞ்சள் அட்டையை மேசையில் வைத்தால், கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் நூலகத்துக்குப் போகவிடவும். காலைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில், நிழலில். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னர் அடுத்த பாடத்துக்குத் தயார்செய்யச் சொல்லவும்.

தாளின் அடியில் ஆறு வாரம் கழித்து ஒரு திகதி இருக்கட்டும். அன்று மறுபடி உட்கார்ந்து, பலன் தராததை வெட்ட வேண்டும். ஆறு வாரத்துக்கு முன் 'பார்த்தோம், சரிவரவில்லை' என்று சொல்ல வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் நிலை சற்று மோசமாவதும் உண்டு, ஏனெனில் பழைய வழி இன்னும் பலிக்குமா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கும்.

மாணவத் தலைவர்களை மறந்துவிடாதீர்கள். படிக்கட்டிலும் சிற்றுண்டிச்சாலையிலும் விதியைக் காப்பவர்கள் அவர்கள்தான். பிள்ளையின் நோயை அவர்களிடம் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. 'மஞ்சள் அட்டை வைத்திருப்பவரை மறிக்க வேண்டாம்' என்பது போதும்.

கோவையில் சேர்க்க வேண்டிய வசனம்

பல கோவைகளின் முடிவில் 'விசேட தேவையுள்ள மாணவர்கள் கவனத்திற் கொள்ளப்படுவர்' என்ற வரி இருக்கும். அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இதை வைத்துப் பாருங்கள்:

'எந்த மாணவருக்கும் எச்சரிக்கைக்கு மேற்பட்ட நடவடிக்கை எடுக்குமுன், ஒழுக்காற்றுக் குழு பின்வருவனவற்றை எழுத்தில் பதிய வேண்டும்: (அ) இந்நடத்தைக்கு உடல்நிலை, வலுவிழப்பு, தொடர்பாடல் அல்லது மொழிப் பிரச்சினை காரணமாக இருக்கலாமா, (ஆ) அதற்கென எந்த ஆதரவு வழங்கப்பட்டது, எத்திகதியிலிருந்து, (இ) அவ்வாதரவு அன்று நடைமுறையில் இருந்ததா. (ஆ) இன்படி ஆதரவு வழங்கப்படவில்லையெனில், அல்லது (இ) இன்படி அன்று நடைமுறையில் இருக்கவில்லையெனில், முதலில் ஆதரவு வழங்கப்படும்.'

மொழி என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டு மைதானத்தில் சிங்களம் என்று மூன்றுக்கும் இடையில் ஓடும் கொழும்புப் பிள்ளைக்கு, கட்டளை விளங்காததும் கட்டளையை மீறுவதும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். மதிப்பீட்டு நாளன்று பரிசோதிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பேச்சு வளர்ச்சி பற்றிய முடிவும் பிழைக்கும். சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ ராகமையிலுள்ள, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயாற்றி நிலையத்துக்கோ போகுமுன், தமிழில் மதிப்பிட முடியுமா என்று கேட்டு நாள் எடுப்பது நல்லது.

பிள்ளை இன்னொருவரை அடித்தால்

'அப்ப இவர் என்ன செய்தாலும் விடுறதோ?' என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடி வாங்கிய பிள்ளைக்கும் அதே உரிமைகள் உண்டு. முதல் வேலை இருவரையும் பிரிப்பது. பேச்சைக் குறைத்து, மற்றப் பிள்ளைகளை அப்பால் நகர்த்துவது, அந்தப் பிள்ளையை இழுத்துச் செல்வதைவிட வேகமானது. நிலத்தில் குப்புற அழுத்திப் பிடிக்கக் கூடாது; மூச்சு அடைபடும். அறையில் பூட்டக் கூடாது. குழப்பம் தணிந்து குறைந்தது அரை மணி நேரம் போகும்வரை விசாரணை வேண்டாம்; அதற்கு முன் கேட்கும் 'ஏன் செய்தாய்?' இரண்டாவது அடிக்கு அழைப்பு. அன்றே இரு பெற்றோருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு மேலே வசனத்தில் உள்ள (அ), (ஆ), (இ) என்ற மூன்று கேள்விகள். ஆதரவு முழுமையாக இருந்தும் நடந்ததென்றால் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அது பிள்ளைக்கு விளங்கும் அளவில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்குள்ள 2010 சமத்துவச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதி, 'பிறரை உடல்ரீதியாகத் துன்புறுத்தும் போக்கை' வலுவிழப்பின் பாதுகாப்பிலிருந்து விலக்கியிருந்தது. ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் வழக்கில், பாடசாலைக் கல்வி தொடர்பாக அந்த விலக்கைப் பிரயோகிக்க முடியாதென 2018 இல் மேல் தீர்ப்பாயம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அடித்த பிள்ளைக்கும் 'அடிப்பதற்கு முன் என்ன ஆதரவு கொடுத்தீர்கள்?' என்று கேட்கும் உரிமை உண்டு என்ற அதன் தர்க்கம், எந்த ஒழுக்காற்றுக் குழுவும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

பிரம்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கல்வி அமைச்சின் 2005/17 ஆம், 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கைகள் உடல் தண்டனையை விலக்கியிருக்கின்றன. ஆசிரியர் அடித்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான நடத்தையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோருக்கு: தொலைபேசி வந்த அன்று

போய்ப் பிள்ளையைக் கூட்டிவாருங்கள். வாசலில் சண்டை வேண்டாம். அன்று மாலையே வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் சிறு கடிதம் அல்லது செய்தி அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

'மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, இன்று முற்பகல் 10.40 மணிக்குப் பாடசாலையிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டதற்கிணங்க என் மகனை அழைத்து வந்தேன். இது இம்மாதத்தில் மூன்றாவது தடவை. இன்றைய சம்பவம் பற்றிய பதிவின் பிரதியையும், வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தவர் யார் என்பதையும், இந்நாள் வரவு இடாப்பில் எவ்வாறு பதியப்பட்டது என்பதையும் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளை அவர் வழமைபோல் பாடசாலைக்கு வருவார்.'

கடைசி வசனம்தான் முக்கியமானது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதி. 'கொஞ்ச நாளைக்கு அனுப்பாதேங்கோ' என்ற வாய்ச்சொல் அதைத் தள்ளிவைக்காது. வீட்டில் ஒரு கொப்பியில் திகதி, நேரம், அழைத்தவர், சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். 'அம்மா வந்து வகுப்பில இருங்கோ', 'சுற்றுலாவுக்கு வேண்டாம்', 'பரீட்சைக்கு மட்டும் வரட்டும்' எல்லாம் அந்தக் கொப்பிக்குள் போக வேண்டும். விடுகைப் பத்திரத்தை நீங்களாகவே கேட்டு விண்ணப்பிக்கும்படி சொன்னால், அன்று கையெழுத்து வைக்காதீர்கள். கையெழுத்து வைத்தபின் அது பாடசாலை வெளியேற்றியது ஆகாது, நீங்கள் விலகியது ஆகிவிடும்.

கூட்டத்துக்குப் போகும்போது தனியே போகாதீர்கள். பேசுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர். வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால், அதன் சாரத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி இணையுங்கள். நோயின் பெயரைவிட 'வகுப்பில் இது எப்படித் தெரியும், அப்போது என்ன செய்ய வேண்டும்' என்பதே ஆசிரியருக்கு உதவும். பல பெற்றோர் அறிக்கையை மறைத்து வைக்கிறார்கள், பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில். பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பாடசாலைக்குத் தெரியாத ஒரு நிலைக்காக ஆதரவு தரவில்லை என்று பிறகு முறையிட முடியாது. எல்லா ஆசிரியருக்கும் பரப்பாமல் அதிபர், வகுப்பாசிரியர், ஆலோசனை ஆசிரியர் என்ற மூவருக்கு மட்டும் என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.

பதில் வராவிட்டால்

மாகாணப் பாடசாலை என்றால் அடுத்த படி வலயக் கல்விப் பணிப்பாளர். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு. பதிவுகளைத் தர மறுத்தால், அரச பாடசாலையிடம் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். 'எல்லா ஆவணமும்' என்று கேட்காதீர்கள்; ஒழுக்கக் கோவை, இன்ன திகதி முதல் இன்ன திகதி வரையான சம்பவப் பதிவு, வரவு இடாப்பில் பிள்ளையின் வரி, குழுக் கூட்டக் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடி, துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் கால எல்லை. பெற்றோர் தவறவிடுவது இதைத்தான். வலயத்தின் பதிலுக்காகக் காத்திருந்து மாதம் கடந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே வலயத்துக்கு எழுதும் வாரத்திலேயே ஆணைக்குழுவுக்கும் எழுதிவிடுங்கள்.

சட்டத்தின் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும். 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தில் சேர்த்துக்கொள்வதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. நிவாரணம் கோரி மேல் நீதிமன்றம் போகலாம். சேர்த்தபின் ஒழுக்கத்தின் பெயரால் நடப்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களைச் சொல்லும் அரசியலமைப்பின் 12(2) பட்டியலில் இனம், மதம், மொழி எல்லாம் உண்டு, வலுவிழப்பு இல்லை. ஆனால் 12(1) சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பொதுவாகச் சொல்வதால் அதையே பிடிக்க வேண்டும். இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை, நியாயமான இசைவாக்கத்தோடு (பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்களோடு) கூடிய கல்வியைக் கேட்கிறது. கடிதத்தில் அதையும் சுட்டுங்கள். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாக இயங்குவதால், அரச நிர்வாகச் செயலுக்கு எதிரான அடிப்படை உரிமை வழி அங்கே கடினம். சேர்க்கும்போது கையெழுத்திட்ட படிவம், பெற்றோர் கைநூல், கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவையே அங்கே ஆயுதம். சேர்க்கைக்கு முன்னரே கைநூலின் ஒழுக்கப் பகுதியைக் கேட்டு வாங்கி, தொடக்கத்தில் விதிகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன மூன்று கேள்விகளால் வாசியுங்கள்.

கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி, கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் வர வேண்டாம்.